வம்சாவளியும் கப்பல் பட்டியலும்: மூதாதையர் தேடலில் தமிழ் எழுத்தாவணங்கள்

மூதாதையரைத் தேடும் முயற்சி கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் பெருகியுள்ளது. தென்னாப்பிரிக்கா, மொரீசியசு, ரீயூனியன், பிஜி ஆகிய நாடுகளில் வாழும் தமிழ் மரபினர், ஓர் எண்ணையும் சிதைந்த ஊர்ப்பெயர் ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு வட ஆர்க்காட்டுப் பகுதிக்கும் தஞ்சைக்கும் வருகின்றனர். தமிழகத்திலோ குலவரலாறு என்னும் பெயரில் நூல்கள் தொடர்ந்து அச்சாகி வருகின்றன. இவ்விரு முயற்சிகளும் பழைய எழுத்தாவணங்களையே நாடிச் செல்கின்றன. அரசர் செப்பேடுகள், பாளையப்பட்டு வம்சாவளிகள், இனாம் பதிவேடுகள், திருச்சபைகளின் ஞானமுழுக்குப் பதிவுகள், கப்பல் பட்டியல்கள் என அவை பலவகைப்படும்.

இவ்வாவணங்களை வரலாற்றறிஞர் பயன்படுத்தியுள்ளனர், மானிடவியலாளர் பயன்படுத்தியுள்ளனர். தமிழ்த்துறைகள் இவற்றை இலக்கியம் அல்லாதவை என்று கருதிப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. இதன் விளைவு எளியதன்று. ஓர் ஆவணத்தை யார் சொல்ல, யார் எழுத, யார் கேட்க, எதன்பொருட்டு அது உருவாயிற்று என்று வினவும் பயிற்சி இலக்கியத் திறனாய்வாளருக்கே உரியது. அப்பயிற்சி இல்லாதவிடத்து, ஆவணம் செய்திகள் வெட்டி எடுக்கப்படும் கற்குழியாகிவிடுகிறது. வம்சாவளி கூறும் புராணம் குலத்தின் வரலாறாகிறது. கப்பல் எழுத்தர் பிழையாக எழுதிய பெயர் ஒரு குடும்பத்தின் நிலைத்த பெயராகிறது. ஆகவே இவ்வாவணங்களைப் பனுவல்களாகக் கொண்டு நோக்குவது இன்றியமையாததாகிறது.

புகழுக்கு எழுதியதும் கணக்குக்கு எழுதியதும்

தமிழகத்தில் மனிதர் பெயர் எழுதப்பட்டதற்கு இரு பெருங் காரணங்கள் உண்டு. ஒன்று புகழ், மற்றொன்று கணக்கு. சோழர் செப்பேடுகளில் இவ்விரண்டும் ஒரே ஆவணத்தில், ஆனால் இரு மொழிகளில் அமைந்துள்ளன. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில், கதிரவனிலிருந்து தொடங்கும் மன்னர் மரபு வடமொழியில் கூறப்படுகிறது. கொடையளிக்கப்பட்ட ஊரின் எல்லை, பிடி சூழ்ந்து வந்த முறை, இறை நீக்கம், கையெழுத்திட்டோர் பெயர் ஆகியவை தமிழில் உள்ளன. மூதாதையர் வடமொழியிலும் அயலார் தமிழிலும் எழுதப்பட்டனர் எனலாம். பின்னர்க் கலிங்கத்துப்பரணியின் இராச பாரம்பரியமும் ஒட்டக்கூத்தரின் உலாக்களும் இந்த மரபு வரிசையைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. எனினும் அவையும் அரசனின் மூதாதையரையே பாடின.

கணக்கின்பொருட்டுப் பெயர் எழுதப்பட்டதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டைவிடச் சிறந்த சான்று இல்லை. முதலாம் இராசராசனின் இறுதி ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைத் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஒவ்வொருத்தியும் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருக்கிறாள் என்பனவும் கூறப்படுகின்றன. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது விதிக்கப்பட்ட அளவு. அவர்கள் பெயர் கல்லில் ஏறியதற்குக் காரணம் அந்த நெல். பேரரசின் அரசியர் சிலரைத் தவிர, பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்ப் பெண்களில் இத்தனை பேரின் பெயரும் பிறந்த இடமும் ஒருங்கே அறியக் கிடைப்பது, அவர்கள் இடம்பெயர்த்துக் கொணரப்பட்டு ஊதியத்துக்கு உட்படுத்தப்பட்டமையால்தான். எட்டரை நூற்றாண்டுகள் கழித்துக் கப்பல் பட்டியல்களில் இதே முறை மீண்டும் தோன்றுவதைப் பின்னர்க் காணலாம்.

இந்தியாவின் பிற பகுதிகளிலும் பதிவின் நோக்கமே அதன் வடிவைத் தீர்மானித்துள்ளது. மிதிலையின் பஞ்சி ஏடுகள், மணமக்கள் விலக்கப்பட்ட உறவுக்குள் வாராதவர் என்று சான்றளிப்பதற்காகப் பேணப்பட்டன. ஆகவே அவை தாய்வழியையும் விரிவாகக் குறித்தன. அரித்துவாரப் பண்டாக்களின் ஏடுகள் நீத்தார் கடனுக்கு வருவோரைத் தத்தம் புரோகிதரோடு பிணிப்பவை; அவற்றில் ஊரும் சாதியுமே தேடலின் திறவுகோல். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஒன்பது கோயில்கள் மணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டன. இவ்வழக்கு வரியோடு தொடர்புடையது. மூதாதையரை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்னும் ஒரே நோக்கத்தோடு எழுதப்பட்ட பதிவேடு எதுவும் இவற்றுள் இல்லை.

பாளையப்பட்டு வம்சாவளி

காலின் மெக்கன்சி (1754-1821) தம் உதவியாளர்களாகிய காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா முதலியோரைக் கொண்டு திரட்டிய சுவடிகளில் கைபீதுகளும் வம்சாவளிகளும் பெருந்தொகையாக உள்ளன. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பேணப்படும் இவற்றில், தென்மாவட்டப் பாளையக்காரர் குடும்பங்களின் வம்சாவளிகள் தமிழ் உரைநடையில் அமைந்தவை. தமிழ் உரைநடை வரலாற்றை எழுதியோர் வீரமாமுனிவரிலிருந்து ஆறுமுக நாவலர்க்குச் செல்லும் வழியில் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. தெலுங்கும் உருதுவும் பேச்சுத் தமிழும் கலந்த இந்நடை, இலக்கணப் பயிற்சி உடையோர்க்குக் கரடுமுரடாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் ஓர் அலுவலரிடம் தன் உரிமையை எடுத்துரைக்கும் தமிழ் எவ்வாறு இருந்தது என்பதை அறிய இவற்றினும் நல்ல சான்று அரிது.

பல வம்சாவளிகளை அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஒரு செய்தி விரைவில் புலப்படும். மூதாதை வடக்கே ஓர் ஊரில் இருக்கிறான். துலுக்க அரசன் பெண் கேட்கிறான். குலம் இரவோடிரவாகப் புறப்படுகிறது. குறுக்கே ஆறு. மரம் வளைந்து பாலமாகிறது, அல்லது ஆறு வழி விடுகிறது. பின்னர் விசயநகரம் அல்லது மதுரை. மல்லனை வெல்லுதல், புலியைக் கொல்லுதல், அல்லது ஒரு படையெடுப்பில் உதவுதல். அதற்குப் பரிசாகப் பட்டப்பெயரும் விருதுகளும். விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுபத்திரண்டு பாளையங்களுள் ஒன்றும், மதுரைக் கோட்டையின் எழுபத்திரண்டு கொத்தளங்களுள் ஒன்றின் காவலும். இதன்பின் பட்டத்துக்கு வந்தோரின் பெயர் வரிசையும் ஆட்சியாண்டுகளும். ஒவ்வொரு குடும்பத்திலும் எல்லா நிகழ்ச்சிகளும் இடம்பெறுவதில்லை. ஆயினும் சட்டகம் ஒன்றே.

இச்சட்டகத்தைப் புதுக்கோட்டை பற்றிய தம் நூலில் (1987) நிக்கலசு டர்க்சு விரிவாக ஆராய்ந்துள்ளார். இந்நிகழ்ச்சிகளை நடந்தவையா அல்லவா என்று சலிப்பதைவிட, அரசனுக்கும் பாளையக்காரனுக்கும் இடையிலான கொடையுறவை அவை எவ்வாறு கட்டமைக்கின்றன என்று காண்பதே பயனுடையது என்பது அவர் அணுகுமுறை. இது ஏற்கத்தக்கது. எனினும் இலக்கிய மாணவர் இதனோடு ஒன்றைச் சேர்த்துக் கூற வேண்டியுள்ளது. வம்சாவளியின் பிற்பகுதியில் நடை மாறுகிறது. மரம் வளைந்த உலகத்திலிருந்து பேஷ்குஷ், கிஸ்தி, கலெக்டர், கச்சேரி என்னும் உலகத்துக்குப் பனுவல் வந்து சேர்கிறது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, 1801இல் பாளையக்காரர் எதிர்ப்பு ஒடுக்கப்பட்டு, சமீன் உரிமைகள் வரையறுக்கப்பட்ட காலத்தை ஒட்டி இவை தொகுக்கப்பட்டன. கேட்பவர் கும்பினியார். கேட்கப்படும் வினா: இந்நிலம் உனக்கு எப்படி வந்தது? ஆகவே வம்சாவளி குடும்பத்தின் நாட்குறிப்பாக எழுதப்படவில்லை. அது ஒரு விண்ணப்பம். ஆற்றைக் கடந்த மூதாதையும் ஒரு சாட்சியாகவே அழைத்துவரப்படுகிறான்.

இருபதாம் நூற்றாண்டின் குலவரலாற்று நூல்கள் இவ்விண்ணப்பத்தை அதன் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்து, முன்னோர் இன்ன ஆண்டில் இன்ன ஊரிலிருந்து வந்தனர் என்று அறுதியிட்டு எழுதுகின்றன. ஒரே மரமும் ஒரே ஆறும் பத்துக் குலங்களுக்கும் உரியனவாக இருப்பதை அவை பொருட்படுத்துவதில்லை. புலம்பெயர்வு நடக்கவில்லை என்று கூறுவது நோக்கமன்று; தெலுங்கு பேசும் குடிகள் கரிசல் நிலத்தில் வாழ்வதே அதற்குச் சான்று. ஆனால் அந்த ஆற்றங்கரையைத் தனியொரு குடும்பத்தின் நினைவாகக் கொள்ள இயலாது. அது ஓர் இலக்கிய வகையின் மரபு.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. பெண் கேட்கப்பட்டதால் தொடங்கும் இக்கதைகளில் அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. பட்டத்து வரிசையிலும் தாயர் இல்லை.

மங்கத்தாயாரின் நினைவு

கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் (1976) இச்சட்டகத்தை அப்படியே எடுத்தாள்கிறது. துலுக்க அரசன், தப்பியோட்டம், ஆறு, வளையும் மரம் ஆகிய அனைத்தும் அந்நாவலில் உண்டு. வாய்மொழி மரபை நாவலாக்கிய முன்னோடி முயற்சி என்று திறனாய்வாளர் பலர் இதனைப் பாராட்டியுள்ளனர். அப்பாராட்டு பொருத்தமானதே. ஆயினும் அவர் மாற்றியமைத்தவை எவை என்பதே கூடுதலாகக் கவனிக்கத்தக்கது.

முதல் மாற்றம், கதை சொல்பவர். கோட்டையார் வீட்டில் உயிரோடிருக்கும் மங்கத்தாயார் அம்மாள் 137 வயதுடையவர். வம்சாவளியைச் சொன்னவர் பட்டத்திலிருப்பவரோ அவருடைய கணக்கரோ ஆவார். நாவலில் சொல்பவர் ஒரு பூட்டி. கேட்போர் கும்பினி அலுவலர் அல்லர். வீட்டுப் பிள்ளைகளும் ஊராரும். எவரும் நிலத்துக்கு ஆதாரம் கேட்கவில்லை. ஆதலால் பூட்டி பட்டப்பெயரையும் விருதையும் விட்டுவிட்டு, வழியில் பட்ட பசியையும் இழப்பையும் சொல்கிறார். இரண்டாவது மாற்றம், கேட்கப்பட்ட பெண்ணுக்குப் பெயரும் உருவும் கிடைப்பது. சென்னாதேவி நாவலின் நினைவுலகில் நடுவிடம் பெறுகிறாள். பெயரற்ற காரணமாக வம்சாவளியில் நின்றவளை நாவலாசிரியர் மனுசியாக்கினார் எனலாம்.

137 என்னும் வயதும் கருதத்தக்கது. அது நம்பத்தகாத வயதென்று சுட்டிக்காட்டியவர் உண்டு. ஆனால் அந்த வயது கதைக்குத் தேவைப்படுகிறது. புலம்பெயர்வைக் கண்டவரும் கும்பினியாட்சியைக் கண்டவரும் ஒருவரே ஆகவேண்டும். இடையில் எழுத்து புகக்கூடாது. ஐந்து தலைமுறைப் பட்டியலை ஆவணம் பெயர்களால் நிரப்புகிறது. கி.ரா. ஒரு நீண்ட ஆயுளால் நிரப்புகிறார். இரண்டும் ஒரே இடைவெளியை மூடும் இரு உத்திகளே.

இந்நாவலின் எல்லையும் இவ்விடத்திலேயே உள்ளது. குடியேறியவர் காட்டைத் தீயிட்டு அழித்து நிலமாக்கும் பகுதி, உழைப்பின் காவியம் போல விரிகிறது. அக்காட்டையொட்டி முன்பே வாழ்ந்தோர் யார், அவர்க்கு அந்நிலத்தின்மேல் என்ன பாத்தியதை இருந்தது என்னும் வினா அங்கு அழுத்தம் பெறவில்லை. வம்சாவளியின் அரசனும் விருதும் நீங்கியபின்னும், வந்தேறிய குலமே கதையின் தொடக்கம் என்னும் அதன் அடிப்படை நீங்கவில்லை. பூட்டி நினைவுகூர்வது தன் வீட்டாரை. பண்ணையில் வேலை செய்தோர் வீட்டிலும் ஒரு பூட்டி இருந்திருப்பாள்; அவளுக்கு நாவலில் திண்ணை இல்லை.

ஆவணத்தை வெளிப்படையாகவே மூலமாகக் கொண்ட நாவல்களும் தமிழில் உள்ளன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கொண்டு பிரபஞ்சன் எழுதிய மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகியவற்றையும், கழுகுமலை (1895), சிவகாசி (1899) கலவரங்களை உட்கொண்ட பூமணியின் அஞ்ஞாடியையும் (2012) சுட்டலாம். அவை தனித்து ஆராயத்தக்கவை.

கப்பல் பட்டியல்

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் எண்ணிக்கை 1,52,184. அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர். ஒவ்வொருவரும் கப்பல் பட்டியலில் ஒரு வரியாக எழுதப்பட்டனர். எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்பன அதன் கட்டங்கள்.

நிலமில்லாத உழவுக் கூலிகளின் பெயர் இதற்குமுன் எங்கும் எழுதப்பட்டதில்லை என்பதை மறத்தலாகாது. சொந்த ஊரின் அடங்கலிலும் இனாம் பதிவேட்டிலும் நிலமுடையோரே இருந்தனர். ஆகவே டர்பனிலிருந்து ஒருவர் பட்டியலின் படியோடு தம் கொள்ளுப்பாட்டனின் ஊருக்கு வந்தால், அவ்வூர்ப் பதிவுகளில் அப்பெயர் இருப்பதில்லை. அவன் அங்கு வாழ்ந்தான் என்பதற்கு எஞ்சிய ஒரே எழுத்து, அவன் அங்கிருந்து போனபோது எழுதப்பட்டதுதான்.

அவ்வெழுத்தும் எளிதில் படிக்கத்தக்கதன்று. தமிழில் சொல்லப்பட்டதை எழுத்தர் ஆங்கில எழுத்தில் வடித்தார். லகர, ளகர, ழகரங்கள் ஒன்றாயின. ரகர றகர வேறுபாடு மறைந்தது. ஆறுமுகம் ஆர்மூகம் ஆனார். முனிசாமி மூன்சாமி ஆனார். முதலி என்பது மூட்லி என்றாகிக் குடும்பப் பெயராக உறைந்தது. தமிழரின் பெயர்முறையில் தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறுவது. காலனிய அலுவலகம் அதனை மாறாத குடும்பப் பெயராகக் கொண்டமையால், ஏதோ ஒரு தலைமுறையின் தந்தை எல்லாத் தலைமுறைகளுக்கும் தந்தையாகிவிட்டார். ரீயூனியனில் இன்று வழங்கும் ராமசாமி என்னும் குடும்பப் பெயர் அவ்வாறு நின்றுபோன ஒரு தந்தையே.

பெயரன் என்னும் சொல்லே பேரன் என வழங்குவது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் சில தலைமுறைகளைக் கடந்து தேடுவோர்க்கு ஒரு கயிறு. ஆனால் அதுவே ஒரு பொறியும் ஆகும். கந்தசாமி மகன் முத்தையா, முத்தையா மகன் கந்தசாமி என்று மாறி மாறி வரும் வரிசையில், பதிவேட்டில் காணும் கந்தசாமி எத்தலைமுறையினர் என்பதை வயதும் ஊரும் ஒத்துப் பார்த்தே துணிய வேண்டும். மேலைநாட்டுக் குடும்ப வரலாற்றுக் கையேடுகள் குடும்பப் பெயரை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றைக் கொண்டு தமிழ்ப் பெயர்களைத் தேடுவோர் வழி தவறுவது இயல்பே.

ஊர்ப்பெயரிலும் இத்தகைய இடர் உண்டு. வட ஆர்க்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்று எழுதப்பட்டவரின் ஊர், 1911இல் சித்தூர் தனி மாவட்டமானமையால் இன்று ஆந்திரத்தில் உள்ளது. எஞ்சிய வட ஆர்க்காடு 1989இல் பிரிக்கப்பட்டது. வேலூர் மாவட்டம் 2019இல் மீண்டும் மூன்றாயிற்று. பட்டி, பாளையம், புதூர் என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின் தேடல் அங்கேயே நின்றுவிடும். இவ்விடத்தில் குடும்பத்தில் எஞ்சிய குலதெய்வப் பெயரே பலருக்கும் துணையாகிறது. பச்சையம்மன் என்றோ முத்தாலம்மன் என்றோ பாட்டி சொன்ன பெயர், எழுத்தர் எழுதிய ஊர்ப்பெயரைத் திருத்தும். எழுத்தின் பிழையை வாய்மொழி திருத்தும் இந்நிலை, சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காணும் தமிழறிஞர்க்குப் புதியதன்று. அவ்வறிஞர் இப்பட்டியல்களின் பக்கம் வாராமையே வியப்பு.

சாதிக் கட்டத்தைப் பற்றி ஒரு சொல். அங்கு எழுதப்பட்டது, சொன்னவர் சொல்ல விரும்பியது. ஆள் பிடிப்போர் விரும்பிய சாதி, தோட்டத்துரைகள் விரும்பிய சாதி என்பன பற்றிய செய்தி டிப்போக்களில் பரவியிருந்தது. மாற்றிச் சொன்னவர் பலர். இன்று வழித்தோன்றல் ஒருவர் அக்கட்டத்தை மாறா உண்மையாகக் கொண்டு பெருமையோ சிறுமையோ அடைவது பொருளற்றது.

பெண்களின் வரிகளே இப்பட்டியல்களில் மிகுந்த சிந்தனைக்கு உரியவை. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் உண்டு. தனிப் பெயர் உண்டு. பிஜிக்குச் சென்றோரிடையே 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்னும் விகிதம் விதிக்கப்பட்டிருந்தது. ஆதலின் பெண்களைத் தனித்தனியே எண்ண வேண்டியிருந்தது. வம்சாவளியில் பாளையக்காரரின் மனைவிக்குக் கிடைக்காத பெயர் கூலிக்காரிக்குக் கிடைத்தது. தஞ்சைக் கல்வெட்டின் தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் இவர்களுக்கும் உள்ள ஒப்புமை தற்செயலானதன்று. இருசாராரும் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டவர். இருசாராரும் ஒரு கணக்கில் அடங்க வேண்டியவர்.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் உழன்ற பெண்களைப் பற்றிப் பாரதி பாடினார். அப்பாடலின் பெண்களுக்குத் துயரம் உண்டு; தனிப் பெயர் இல்லை. தேசியக் கவிதைக்கு அவர்கள் ஒருங்கே மாதராக இருந்தாலே போதும். அதே காலத்துக் குடிபெயர்வுச் சீட்டுகளில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் ஊரும் இருந்தன. துயரத்துக்குக் கட்டம் இல்லை. உடல் அடையாளம் என்னும் கட்டமோ, ஓடிப்போனால் பிடிப்பதற்காக அமைந்தது. இடக்கன்னத் தழும்பு, நெற்றியில் பச்சை, வலக்கால் வடு என்று இரண்டு மூன்று சொற்களே அதில் இருக்கும். கேசாதிபாதம் பாடிய மொழியினர் பலருக்குத் தம் மூதாதையின் உருவம் பற்றி எஞ்சியிருப்பது அவ்வளவே.

சான்றாக வேண்டிய மூதாதையர்

நேட்டாலுக்குச் சென்றவர்க்கு இருந்த பட்டியலும் இலங்கைக்குச் சென்றவர்க்கு இல்லை. கங்காணி முறையில் கடல் கடந்தவர் ஒப்பந்தத்தால் பிணைக்கப்படவில்லை, கடனால் பிணைக்கப்பட்டனர். அவர்களைப் பற்றிய எழுத்து என்பது கங்காணியின் கடன் கணக்கு, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது கடன்தொகை குறித்துத் தரப்பட்ட துண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த எண் பொறித்த தகரச் சீட்டு, பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை குறித்த செக்ரோல் ஆகியவையே. இவற்றில் எதுவும் மூன்று தலைமுறையை ஒருங்கே காட்டுவதன்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டதோ மூன்று தலைமுறை. அச்சட்டப்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடியுரிமை பெறுவதற்கு, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்திருக்க வேண்டும். வம்சாவளி என்னும் சொல் இங்குச் சட்டச் சொல்லாகவே வருவது நோக்கத்தக்கது. பாளையக்காரரிடம் கும்பினியார் கேட்ட வினாவை, நூற்றைம்பது ஆண்டு கழித்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தவரிடம் ஒரு புதிய அரசு கேட்டது. பாளையக்காரரிடம் விடையாக ஒரு கதை இருந்தது. அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளியின் கதையை எவரும் கேட்கவில்லை. பிறப்புச் சான்று கேட்டனர்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், தொடர்ந்து வசித்தமைக்கு ஆதாரம் காட்டிக் குடியுரிமை கோரியவர் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர். பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியவரை எண்களாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. விடுபட்ட 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு பாதியாகப் பிரித்தது. நாடற்றவராக எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு தந்தது. அசாமில் 2019 ஆகஸ்டு 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் இடம்பெறாத 19 லட்சம் பேரும், பழைய வாக்காளர் பட்டியலில் ஒரு மூதாதையின் பெயரைக் காட்டி, அவரோடு தமக்குள்ள உறவை நிறுவுமாறு பணிக்கப்பட்டவரே. மூதாதையர் தேடல் ஓய்வுநேர விருப்பம் என்று கருதுவோர் இச்செய்திகளை நினைவில் கொள்ளுதல் நன்று.

இப்பின்னணியில் புதுமைப்பித்தனின் துன்பக்கேணியை மீண்டும் படிக்க வேண்டியுள்ளது. 1935இல் மணிக்கொடியில் வந்த இக்கதை, நெல்லைச் சீமைச் சேரிப் பெண்ணாகிய மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்று சிதைவதைக் கூறுகிறது. தோட்ட வாழ்வைப் புதுமைப்பித்தன் நேரில் அறியாதவர் என்றும், அதனால் வருணனையில் பிழைகள் உள என்றும் மலையக எழுத்தாளர் குறைகூறியதுண்டு. அக்குறை நியாயமானதே. ஆயினும் வம்சாவளியிலும் செக்ரோலிலும் இல்லாத ஒன்று அக்கதையில் உள்ளது. ஊரில் என்ன நடந்ததால் ஒருத்தி புறப்பட்டாள் என்பதே அது. பட்டியல்கள் புறப்பட்ட ஊரைச் சொல்லும்; புறப்பட்ட காரணத்தைச் சொல்வதில்லை. கி.ரா.வின் பூட்டிக்குத் தன் வீட்டார் நினைவு வாய்த்தது. மருதியின் வழித்தோன்றலுக்கு அப்படியொரு திண்ணை இல்லாத நிலையில், ஒரு சிறுகதை அதற்கு ஈடாக நிற்கிறது. பிழைகளோடுதான் நிற்கிறது.

கதை வெளிவந்த ஆண்டில் மருதி போன்ற ஒருத்திக்குத் தோட்டத்தில் ஒரு மகள் பிறந்திருந்தால், 1948இல் அம்மகளுக்கு வயது 13. அவள் இலங்கையில் பிறந்தவள். அவளுடைய குடியுரிமைக்குத் தந்தை பிறந்த ஊர் கேட்கப்படும். அவர் அங்குப் பிறக்காதவராயின் பாட்டனும் பூட்டனும் பிறந்த ஊர் கேட்கப்படும். மணவுறவில் பிறந்த பிள்ளைக்குத் தாய் எங்குப் பிறந்தாள் என்பது அச்சட்டத்தில் ஒரு வினாவே அன்று. மருதியின் பெயரை எழுத அந்த விண்ணப்பத்தில் தேவையே எழாது.